குளிர்கால மலையேற்றம்: பனிச்சரிவு அபாயத்தைப் படிப்படியாக எடைபோடுவது எப்படி?

பனிமலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். முதலில் கருவிகளை வாங்குவார்கள். அப்புறம் ஏறப்போகும் சிகரத்தை முடிவு செய்வார்கள். கிளம்பும் நாள் காலையில், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே பனிச்சரிவு அறிக்கையைத் திறப்பார்கள். அந்த நேரத்தில் அறிக்கை என்ன சொன்னாலும் மனசு கேட்காது. பையெல்லாம் கட்டி முடித்தாயிற்றே!

ஆகவே இந்த வழிகாட்டியில் முக்கியமானது வரிசைதான். எங்கே போகக்கூடாது என்பதை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டும். மலையில் அந்த முடிவைச் சரிபார்க்க மட்டுமே செய்ய வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்தால் மட்டும் போதாது. களப்பயிற்சியோடு கூடிய பனிச்சரிவு வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு, அனுபவமுள்ள ஒருவரோடு முதல் சில ஏற்றங்களுக்குப் போங்கள்.

1. ஒரு வாரம் முன்பே வானிலையைப் பின்தொடருங்கள்

பனி அடுக்கடுக்காகப் படிகிறது. ஒவ்வொரு பொழிவும் காற்றும் வெயிலும் தன் பங்குக்கு ஓர் அடுக்கை விட்டுச் செல்லும். பத்து நாள் முன்பு உருவான ஒரு பலவீன அடுக்கு, நேற்று அதன்மேல் விழுந்த பனியின் எடை, இன்று நீங்கள் வைத்த கால் மூன்றும் சேரும்போதுதான் சரிவு உடைகிறது. இன்றைய வானம் நீலமாக இருப்பதால் மட்டும் எதுவும் சரியாகிவிடாது.

ஆளைக் கொல்லும் வகை பெரும்பாலும் பாளச் சரிவு. மேலே இறுகப் பிடித்துக்கொண்ட பனிப்பாளம், அதற்கு அடியில் பிடிப்பில்லாத மெல்லிய அடுக்கு என்று இரண்டு சேர்ந்தது அது. குளிர்ந்த, தெளிந்த நாட்கள் தொடர்ந்தால், பனி ஆழமில்லாத இடங்களில் அடிப்பனி சர்க்கரைபோல உதிரத் தொடங்கும். கையில் எடுத்து உருண்டை பிடித்தால் நிற்காது. தெளிந்த இரவுகளில் மேற்பரப்பில் இறகுபோல வளரும் உறைபனிப் படிகங்களும் இதே ரகம்தான். புதுப்பனி மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வாரக்கணக்கில் அப்படியே உள்ளே காத்திருக்கும்.

தினமும் நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள்: விழுந்த புதுப்பனி, காற்றின் திசையும் வேகமும், வெப்பநிலை, உறைநிலை இருக்கும் உயரம். இவற்றில் புதியவர்கள் அலட்சியம் செய்வது காற்றை. தளர்ந்த உலர்பனியைக் கிளப்ப மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் காற்றே போதும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூடக் காற்று ஒரு சாய்வில் பனியைக் குவித்துவிடும். பனியே பெய்யாத நாளிலும் அபாயம் கூடுவதற்கு இதுதான் காரணம்.

இங்கே ஒரு பிழையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தென்மேற்குக் காற்று என்றதும் தென்மேற்குச் சாய்வில்தான் பனி குவியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாடை வடக்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து வருவது. வானிலை அறிக்கையும் அதே மரபில்தான் பேசுகிறது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று முகட்டைத் தாண்டி வடகிழக்கைப் பார்த்த சாய்வில் பனியைக் கொட்டும். நீங்கள் அஞ்ச வேண்டியது காற்றுக்கு மறைவான அந்தப் பக்கத்தை.

2. அறிக்கையை எண்ணோடு நிறுத்தாமல் படியுங்கள்

பனிச்சரிவு அறிக்கை அபாயத்தை ஐந்து நிலைகளில் சொல்லும்: குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம். ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம் என்று தோன்றும். அந்த எண்ணம்தான் ஆளைச் சாய்க்கிறது. ஒவ்வொரு படியிலும் அபாயம் ஒரே அளவில் ஏறுவதில்லை, மடங்காகப் பெருகுகிறது. நான்கும் ஐந்தும் வந்தால் பலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மூன்றில் கிளம்புவார்கள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு மூன்றாம் நிலை நாட்களில் நிகழ்வது இதனால்தான்.

எண்ணுக்குக் கீழே இருப்பதுதான் உங்களுக்கு உண்மையில் பயன்படும். எந்தத் திசையைப் பார்த்த சாய்வுகள், எந்த உயரத்துக்கு மேல், என்ன வகைச் சிக்கல் என்று பாருங்கள். ஐரோப்பிய அறிக்கைகள் ஐந்து வகைச் சிக்கல்களைச் சொல்கின்றன: புதுப்பனி, காற்று குவித்த பனி, நீடிக்கும் பலவீன அடுக்கு, ஈரப்பனி, தரையோடு வழுக்கும் பனி. காற்று குவித்த பனி என்றால் களத்தில் கண்ணால் பார்த்து ஓரளவு விலகிப் போகலாம். நீடிக்கும் பலவீன அடுக்கு என்றால் மேலே எந்த அடையாளமும் தெரியாது. அந்த நாட்களில் கோணத்தைக் குறைத்துக்கொள்வது தவிர எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

ஸ்விட்சர்லாந்துக்குத் தாவோஸிலுள்ள எஸ்.எல்.எஃப். நிறுவனமும், ஸ்காட்லாந்துக்கு எஸ்.ஏ.ஐ.எஸ். அமைப்பும், இந்திய இமயமலைக்கு டி.ஜி.ஆர்.இ. நிறுவனமும் அறிக்கை தருகின்றன. ஓர் அறிக்கை பேசும் பரப்பு மிகப் பெரியது. நீங்கள் நிற்கப்போவது அதற்குள் ஒற்றைச் சாய்வில். அறிக்கையே கிடைக்காத பகுதியானால், அதை மூன்றாம் நிலை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவது என் பழக்கம்.

3. வரைபடத்தில் கோணத்தை அளந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்கு மட்டும் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். பனியின் நிலை மணிக்கு மணி மாறும். மலையின் கோணம் மாறாது, அதை முன்கூட்டியே அளந்துவிடலாம்.

பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையான சாய்வுகளில் உடைகின்றன. 38 டிகிரியை ஒட்டி அதிகம். 30க்குக் கீழே உடைவது அரிது. 50, 55ஐத் தாண்டினால் பனி பெரிதாகத் தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். வம்பு என்னவென்றால், ஏறுவதற்கு உற்சாகமாக இருக்கும் கோணமும் இதே 30 - 45தான்.

1:25,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருந்தால், இரண்டு கோடுகளுக்கு நடுவில் 1.4 மில்லிமீட்டர் என்பது 30 டிகிரி. 0.8 மில்லிமீட்டர் என்றால் 45 டிகிரி. ஒரு தாள் ஓரத்தில் இந்த இரண்டு அளவையும் கோடு போட்டு வைத்துக்கொண்டு பாதை முழுக்க நகர்த்திப் பாருங்கள். கைபேசி வரைபடங்களில் 30 டிகிரிக்கு மேற்பட்ட இடங்களை நிறமிட்டுக் காட்டும் வசதியும் உண்டு. ஆனால் 20 மீட்டருக்கும் குறைவான திடீர்ச் செங்குத்துகளைக் கோடுகளும் நிறங்களும் விழுங்கிவிடும். களத்தில் அளக்க ஒரு சாய்வுமானி எடுத்துக்கொள்ளுங்கள்.

அளந்தபின் அறிக்கையின் எண்ணோடு பொருத்திப் பாருங்கள். ஸ்விஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் வகுத்த எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நிலை 2 என்றால் 40 டிகிரிக்குக் கீழே, நிலை 3 என்றால் 35க்குக் கீழே, நிலை 4 என்றால் 30க்குக் கீழே. இதைவிட நுணுக்கமான கணக்குகள் உண்டு. புதியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன், ஏனென்றால் களைத்த மூளைக்கும் இது நினைவிருக்கும்.

நீங்கள் நடக்கும் தடம் 25 டிகிரியாக இருப்பதால் மட்டும் தப்பித்ததாக நினைக்க வேண்டாம். தலைக்கு மேலே 38 டிகிரிச் சாய்வு தொங்கினால் அது வந்து விழும் இடம் உங்கள் தடம். பலவீன அடுக்கு பரவிக் கிடக்கும் நாட்களில் கீழே நடப்பவரின் எடையே மேலிருப்பதை உடைத்துவிடலாம்.

அடுத்தது பொறிகள். பள்ளம், ஓடைப்படுகை, பாறைவிளிம்பு, மரங்கள். சிறிய சரிவுகூட ஒருவரை ஓடைப்படுகைக்குள் தள்ளினால் ஆழமாகப் புதைத்துவிடும். பாறைவிளிம்பிலிருந்து தள்ளினால் புதைய வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு செங்குத்துக்கும் கீழே விரலை வைத்து, “இங்கிருந்து அடித்துச் சென்றால் எங்கே போய் நிற்பேன்?” என்று கேளுங்கள்.

4. இரண்டு மாற்றுப் பாதைகளும் ஒரு திரும்பும் நேரமும்

ஒரே ஒரு திட்டத்தோடு போனால், அது சரிப்படாதபோதும் அதையே செய்வீர்கள். கையில் இன்னொரு பாதை இருந்தால் மனம் எளிதாக மாறும். முதல் திட்டத்தைவிடக் கோணம் குறைந்த ஒன்று, எந்த நிலையிலும் நடக்கக்கூடிய ஒன்று என இரண்டை எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பும் நேரத்தையும் எழுதுங்கள். குளிர்காலத்தில் பகல் குறுகியது. வெயில் படும் சாய்வுகள் மதியத்துக்குள் ஈரமாகிவிடும். குழுவில் யார் ஒருவர் வேண்டாம் என்றாலும் திரும்பிவிடுவது என்று கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள். மேலே போய்ப் பேசினால் கூச்சம் வந்துவிடும்.

5. பையில் என்ன, உடம்பில் என்ன

ஒவ்வொருவரிடமும் மூன்று இருக்க வேண்டும்: பீக்கன் (புதைந்தவரின் இடத்தைக் கண்டுபிடிக்க ரேடியோ சமிக்ஞை அனுப்பவும் தேடவும் செய்யும் சிறு கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும், மடக்கக்கூடிய நீண்ட கம்பி), மண்வாரி. குழுவுக்கு ஒன்று என்பது இங்கே செல்லாது. உங்களிடம் உள்ள மண்வாரி உங்கள் நண்பரைத் தோண்டத்தான். அவரிடம் உள்ளதுதான் உங்களுக்கு. மண்வாரி உலோகத்தால் ஆனதாக இருக்கட்டும். சரிந்து நின்ற பனி சிமென்ட்போல இறுகிவிடும், பிளாஸ்டிக் உடையும். ப்ரோப் 240 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

பீக்கன் மேல்சட்டைக்கு உள்ளே, உடலோடு கட்டியிருக்க வேண்டும். பையில் வைத்தால் பை போகும் இடத்துக்கு அது போய்விடும். கைபேசியும் மற்ற மின்கருவிகளும் அதிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளியிருக்கட்டும், தேடும்போது 50 சென்டிமீட்டர். ஒருமுறை பயிற்சியில் ஒருவருடைய பீக்கன் இல்லாத திசைகளையெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. பழுது என்று முடிவுகட்டிக் கழற்றப் போனார். பார்த்தால் அதே பக்கச் சட்டைப்பையில் சூடேற்றும் கையுறையின் பேட்டரி.

ஏறுவதற்கு ஐஸ் ஆக்ஸ் (பனியில் குத்தி ஊன்றும் கைக்கோடரி), கிராம்பான் (ஷூவின் அடியில் மாட்டும் கூர்பற்கள் கொண்ட சட்டம்), ஹெல்மெட். கிராம்பானை வீட்டிலேயே ஷூவில் பொருத்திப் பார்த்து, அடியில் பனி ஒட்டாத தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வழுக்கி விழுந்தால் ஐஸ் ஆக்ஸால் நிறுத்திக்கொள்ளும் பயிற்சியை, கீழே சமதளம் உள்ள ஓர் இடத்தில் கை பழகும்வரை செய்யுங்கள். அபாயம் 1 என்று அறிக்கை சொல்லும் நாட்கள் பலவற்றில் பனி உருகி உறைந்து கல்லாகியிருக்கும். பனிச்சரிவு வராது, ஆனால் கால் தவறினால் நிற்கவும் மாட்டீர்கள்.

உடை விஷயத்தில் ஒரு கணக்கு மட்டும். சராசரியாக ஆயிரம் மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 21 போல இருக்கும். கூடுதலாக ஒரு ஜோடி கையுறை கட்டாயம். உறைந்த விரல் பீக்கனையும் இயக்காது, முடிச்சையும் அவிழ்க்காது.

6. கிளம்பும் இடத்தில் பீக்கன் சோதனை

ஒருவர் முன்னே நின்று தன் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றட்டும். மற்றவர்கள் அனுப்பும் நிலையில் ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுக் கடந்து போகட்டும். பிறகு முன்னே நின்றவரின் பீக்கன் அனுப்புகிறதா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் பாதியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். விளைவு, நாள் முழுக்கத் தலைவர் தேடும் நிலையிலேயே நடந்துகொண்டிருப்பார். அவர் புதைந்தால் யாருக்கும் அவர் இருக்கும் இடம் தெரியாது.

7. நடக்கும்போதே பார்த்துக்கொண்டே போங்கள்

மலை பல நேரம் வெளிப்படையாகவே சொல்லிவிடும். கேட்கும் மனநிலையில் நாம்தான் இருப்பதில்லை.

முதல் அடையாளம், அண்மையில் உடைந்த வேறு சரிவுகள். அதே திசையும் அதே உயரமும் கொண்ட சாய்வு ஒன்று நேற்று உடைந்திருந்தால், இதைவிட நேரடியான சான்று கிடையாது. இரண்டாவது, காலடியில் ‘வும்ப்’ என்று அடங்கிய ஓசையோடு பனி அமுங்குவது. பலவீன அடுக்கு நொறுங்கும் சத்தம் அது. சாய்வு போதாததால்தான் நீங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறீர்கள். மூன்றாவது, கால் வைத்த இடத்திலிருந்து விரிசல் ஓடுவது. இந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தாலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட எதையும் அன்று தொடுவதில்லை. இதில் வாதமே கிடையாது.

மற்றவை சற்று மெதுவாகப் பேசும். 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்திருக்கலாம். முகட்டிலிருந்து பனிப்புகை பறக்கலாம். திடீரென்று வெப்பம் ஏறலாம், பனிமேல் மழை பெய்யலாம். வெயிலில் பனி உருண்டைகள் தானாக உருண்டு வருவதும், கால் முழங்கால்வரை ஈரப்பனியில் புதைவதும், அந்தச் சாய்வை விட்டு வெளியேற வேண்டிய நேரம் வந்துவிட்டதைச் சொல்கின்றன. இரவு மேகமூட்டமாக இருந்திருந்தால் பனி சரியாக உறைந்திருக்காது, எனவே அந்த நேரமும் முன்கூட்டியே வரும்.

வேறொருவர் போன தடம் எதற்கும் சான்றல்ல. முன்னால் போன ஐந்து பேர் பலவீனமான புள்ளியை மிதிக்கவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. பனி ஆழம் குறைந்த ஓர் இடத்தில் ஆறாவது ஆள் மிதித்து உடைத்திருக்கிறார்.

8. பனியைத் தோண்டிப் பார்ப்பது பற்றி

30க்கு 30 சென்டிமீட்டர் தூண் வெட்டி, மேலே மண்வாரியை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டிப் பார்க்கும் சோதனையைப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். 90 சென்டிமீட்டர் அகலத் தூணில் செய்வது இன்னும் பயனுள்ளது. விரிசல் தூண் முழுக்க ஓடுகிறதா என்பது அதில் தெரியும்.

கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ‘போகலாம்’ என்று சொல்ல இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு முறை நான் தோண்டிய குழியில் முப்பது தட்டுக்கும் எதுவும் அசையவில்லை. திருப்தியாகக் கிளம்பி ஐம்பது மீட்டர் நடந்ததும் காலடியில் ‘வும்ப்’. குழி சொன்னது குழியைப் பற்றி மட்டும். மோசமான விடை வந்தால் திரும்புங்கள். நல்ல விடை வந்தால் வீட்டில் போட்ட திட்டத்தை அதற்காக மாற்ற வேண்டாம்.

9. சாய்வைக் கடப்பதும் மலையிடுக்கில் ஏறுவதும்

சந்தேகமுள்ள சாய்வை ஒவ்வொருவராகக் கடக்க வேண்டும். எடை குறையும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், ஒருவர் சிக்கினால் மற்றவர்கள் தோண்ட மிச்சமிருப்பார்கள் என்பது. அடுத்தவர் காத்திருக்கும் இடம் பாறை மறைவாகவோ முகடாகவோ இருக்கட்டும். சாய்வின் நடுவில் கூடி நின்று மூச்சு வாங்குவதை அடிக்கடி பார்க்கிறேன், பதறுகிறது.

இடுக்குகளில் ஏறுபவர்கள் தங்களைப் பனிச்சரிவோடு தொடர்பில்லாத பாறையேறிகளாக நினைத்துக்கொள்கிறார்கள். இடுக்கு என்பதே மேலிருக்கும் பனியெல்லாம் வடியும் குழாய். சின்னதாக வரும் தூள்பனியே கிராம்பானின் முன்பல்லில் நிற்கும் ஒருவரைத் தள்ளப் போதும். முடியும் இடம் இன்னும் மோசம். காற்று குவித்த பனியும், அதற்கு மேலே வெளியே நீட்டிய பனிக்கூரையும் அங்கேதான் இருக்கும். கீழேயிருந்து அதைப் பார்க்க முடியாவிட்டால், பார்க்க முடிகிற வேறு வழியைத் தேர்ந்தெடுங்கள்.

முகட்டில் நடக்கும்போது பனிக்கூரையிலிருந்து நன்றாகவே விலகுங்கள். அது உடையும் கோடு நாம் நினைப்பதைவிட உள்ளே இருக்கும். காலடியில் பாறை தெரிகிற இடத்தில் நடப்பது நல்லது.

கிராம்பானைத் தேவைப்படுவதற்கு முன்பே, சமதளத்தில் மாட்டுங்கள். பாதிச் சாய்வில் ஒற்றைக்காலில் நின்று வாரைத் தேடுவது விபத்துக்கான அழைப்பு.

இறக்கத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். சிகரம் தொட்ட பிறகு வேறு பக்கமாக இறங்கினால் திசை மாறும், பனியும் மாறும். காலையில் பார்த்ததெல்லாம் அந்தப் பக்கத்துக்குப் பொருந்தாது.

10. யாராவது புதைந்துவிட்டால்

முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணியைத் தாண்டினால் மூவரில் ஒருவர்தான். மீட்புக்குழு அதற்குள் வராது. உடன் வந்தவர்கள்தான் மீட்புக்குழு.

சிக்குபவர் கத்த வேண்டும், பக்கவாட்டில் வெளியேறப் பார்க்க வேண்டும். வேகம் குறையும்போது கையை முகத்துக்கு முன்னே கொண்டுவந்து மூச்சுக்கு இடம் உண்டாக்க வேண்டும். பார்ப்பவர்கள் கடைசியாக அவர் தெரிந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது.

மேலே இன்னொரு சரிவு வருமா என்று பார்த்துவிட்டு, எல்லோரும் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். ஒருவர் மாற்ற மறந்தாலும் மற்றவர்கள் அவரையே தேடிக்கொண்டிருப்பார்கள். ஆட்கள் இருந்தால் ஒருவர் அவசர உதவியை அழைக்கட்டும். உதவி கேட்க யாரும் கீழே ஓட வேண்டாம்.

கடைசியாகத் தெரிந்த இடத்துக்குக் கீழே, 40 மீட்டர் அகலப் பட்டைகளாகத் தேடுங்கள். கையுறையோ தடியோ மேலே தெரிந்தால் இழுத்துப் பாருங்கள். சமிக்ஞை கிடைத்ததும் பீக்கன் திரையில் தெரியும் அம்புக்குறியையும் தூரத்தைச் சொல்லும் எண்ணையும் பின்பற்றுங்கள். பாதை வளைந்தே போகும், அது பிழையல்ல. பத்து மீட்டருக்குள் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். மூன்று மீட்டருக்குள் பீக்கனைப் பனிமேல் தாழ்த்தி, திருப்பாமல், சிலுவை வடிவில் நகர்த்தி, மிகக் குறைந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

அங்கிருந்து 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் வடிவாக, பனிப்பரப்புக்குச் செங்குத்தாக ப்ரோபைக் குத்துங்கள். தட்டுப்பட்டதும் அதை உருவாதீர்கள். புதியவர்கள் ஆர்வத்தில் உருவிவிட்டு மறுபடி அந்த இடத்தைத் தேடுவார்கள்.

ப்ரோப் இருக்கும் இடத்தில் நேராகக் கீழே தோண்டுவதும் தவறு. ஆழத்தின் அளவுக்கோ ஒன்றரை மடங்கோ சாய்வின் கீழ்ப்பக்கம் தள்ளி நின்று, அவரை நோக்கிக் கிடைமட்டமாகத் தோண்டுங்கள். பனியைக் கீழே தள்ளிவிடலாம், மேலே தூக்க வேண்டியதில்லை. அவர் தலைக்கு மேல் நின்று மூச்சிடத்தை நசுக்கவும் மாட்டீர்கள். முதலில் முகம், வாயிலும் மூக்கிலும் உள்ள பனி, அப்புறம் மார்பு. காலைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இதை ஆண்டுக்கு ஒருமுறை செய்து பார்த்தால் போதும் என்பார்கள். எனக்கு அது போதவில்லை. பருவத்தின் முதல் ஏற்றத்துக்கு முன், ஒரு பையில் பீக்கனைப் போட்டுப் புதைத்து, கடிகாரம் வைத்துத் தேடுங்கள். முதல் முயற்சியில் பத்து நிமிடம் பறந்துபோவதைப் பார்த்தால் புரியும்.

11. திரும்பி வந்ததும்

பார்த்த சரிவு, கேட்ட ‘வும்ப்’, காற்று குவித்த பக்கம் எல்லாவற்றையும் அன்றே எழுதுங்கள். உங்கள் பகுதியின் அறிக்கை மையம் களத்தகவல்களை வாங்கிக்கொள்ளுமானால் அனுப்புங்கள். அடுத்த வாரம் நீங்கள் முதல் படியில் தொடங்கும்போது இந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

பீக்கனை ஈரம் போகத் துடைத்துக் காயவையுங்கள். பேட்டரி பாதிக்கு வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பருவம் முடிந்தால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து முனைகளை அரித்துவிடும், அடுத்த குளிர்காலத்தில் அது கிளம்பும் இடத்துச் சோதனையில்தான் தெரியவரும்.